மனசு சரியில்லையா? முதலில் உடம்பைப் பாருங்கள்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தூக்கம், படபடப்பு, அசதி பற்றியவை. சம்பா அறுவடை முடிந்த கையோடு இப்படித்தான் வரும். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

எனக்கு 38 வயது, பள்ளி ஆசிரியை. எழும்போதே அசதி. பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன், அப்புறம் நானே அழுகிறேன். வீட்டில் தியான வகுப்புக்குப் போகச் சொல்கிறார்கள்.
*- வாசகி, மன்னார்குடி*

வகுப்புக்குத் தாராளமாகப் போங்கள். அதற்கு முன் லேபுக்குப் போய்விட்டு வாருங்கள். ஹீமோகுளோபின், டி.எஸ்.எச். (தைராய்டுக்கான பரிசோதனை), பி12, சர்க்கரை, இந்த நான்கையும் பார்த்துவிடுங்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. மாதவிடாயில் அதிகம் போகிறவர்களிடம் 8, 9 என்று இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். மாடி ஏறினால் மூச்சு வாங்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், எதிலும் மனம் ஒட்டாது. வீட்டில் அதைக் குணக்கோளாறு என்று பேசுவார்கள். தைராய்டு குறைந்தாலும் அச்சு அசல் மனச்சோர்வு போலவே இருக்கும். சுத்த சைவம் என்றால் பி12-ஐ விட்டுவிடாதீர்கள்.

இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தால், அதோடு சேர்த்தோ சாப்பிட்ட உடனேயோ காபி, டீ குடிக்க வேண்டாம். இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை டிகிரி காபி குடிக்கலாம்?
*- கும்பகோணம்*

இரண்டு. மதியம் இரண்டு மணிக்கு மேல் வேண்டாம். ஐந்தாறு மணி நேரம் கழித்தும் காபியில் தூக்கத்தை விரட்டும் காஃபினில் பாதி உடம்பில் நிற்கும்.

வயலில் வேலை செய்கிறவனுக்கும் வாக்கிங் வேண்டுமா?
*- நன்னிலம்*

மண்வெட்டி பிடிக்கிறீர்களா, பைக்கை வரப்போரம் நிறுத்திவிட்டு ஆட்களைப் பார்த்துக்கொள்கிறீர்களா என்று எழுதவில்லையே. முதலாவது என்றால் வேலை நாட்களில் தனியாக நடக்க வேண்டாம். ஆனால் நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்துவிட்டது. கோடையில் வயல் சும்மா கிடக்கும்போது உடம்பும் சும்மா இருக்கிறது, கவலை கூடுவதும் அப்போதுதான். வாரத்துக்கு 150 நிமிடம், அதாவது பெரும்பாலான நாட்களில் அரை மணி வேகநடை.

படபடப்பாக இருக்கிறது. உடனே நிற்க ஒரு மூச்சுப் பயிற்சி சொல்லவும்.
*- மயிலாடுதுறை*

வயது என்ன? சர்க்கரை உண்டா? என்ன மாத்திரை போடுகிறீர்கள்? எந்த நேரத்தில் வருகிறது? ஒன்றும் எழுதாமல் ஒற்றை வரியில் கேட்டால் எந்த மருத்துவரும் நல்ல பதில் சொல்ல முடியாது. இனி எழுதுகிறவர்கள் வயதையும், போடும் மாத்திரைகளின் பெயரையும் அவசியம் எழுதுங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குப் படபடப்போடு வியர்வை, கைநடுக்கம் வந்தால் அது தாழ்சர்க்கரையாக இருக்கலாம். குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழே காட்டும். அந்த நேரத்தில் கண்ணை மூடி மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் மயங்கி விழுவீர்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏகாதசி, சஷ்டி என்று விரதம் இருப்பவர்களுக்கு இதை எப்போதும் சொல்கிறேன்: மாத்திரை அளவைக் கேட்டுக்கொண்டு விரதம் இருங்கள். நெஞ்சில் பாரமோ, கைக்கோ தாடைக்கோ பரவும் வலியோ இருந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

இதெல்லாம் இல்லை, இசிஜி, ரத்தம் எல்லாம் சரி என்று மருத்துவர் சொல்லிவிட்டால் அப்புறம் மூச்சுப் பயிற்சி. நான்கு எண்ணும்வரை மூக்கு வழியாக உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே, ஐந்து நிமிடம். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். மூச்சை அடக்க வேண்டாம். நன்றாக இருக்கும் நாட்களிலும் பழகினால்தான் வேண்டிய நேரத்தில் கைகொடுக்கும்.

அம்மாவுக்கு 68 வயது. மூன்று வருடமாகத் தூக்க மாத்திரை. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிக்கொள்கிறோம். இப்போது யோகநித்திரை (படுத்தபடி உடம்பைத் தளர்த்தும் பயிற்சி) கற்றுக்கொண்டிருக்கிறார். மாத்திரையை இன்றே நிறுத்திவிடலாமா?
*- திருவாரூர்*

நிறுத்தாதீர்கள். மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் அல்பிரசோலமாகத்தான் இருக்கும். மாதக்கணக்கில் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் அடியோடு போகும், கை நடுங்கும், பயம் பிடிக்கும், சிலருக்கு வலிப்பே வரும். மருத்துவர் சொல்லச் சொல்ல, வாரக்கணக்கில், தேவையானால் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். யோகநித்திரை அந்த நாட்களில் நல்ல துணை. மாத்திரைக்கு மாற்றாக ஒரே இரவில் அதைப் போட முடியாது.

இந்த விஷயத்தில் எனக்கு ஆற்றாமை உண்டு. வயதானவர்கள் சுருக்குப்பையிலிருந்து நாலு மாத்திரை எடுத்துக் காட்டுகிறார்கள். அட்டையை எப்படிக் கத்தரித்திருக்கிறார்கள் என்றால், மருந்தின் பெயரும் இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. யார் கொடுத்தது என்று கேட்டால் பக்கத்து வீடு, சம்பந்தி, கடைப் பையன் என்று பதில் வரும். அல்பிரசோலம் எச்1 பட்டியலில் உள்ள மருந்து. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. யாருக்கு, எந்த மருத்துவர் எழுதி, எவ்வளவு கொடுத்தோம் என்று கடையில் பதிந்து, மூன்று வருடம் அந்தப் பதிவை வைத்திருக்க வேண்டும். மூன்று வருடப் பழைய சீட்டுக்கு மருந்து கொடுக்கும் கடையும் தவறு செய்கிறது, வாங்கி வரும் பிள்ளைகளும் தவறு செய்கிறீர்கள்.

வயதான உடம்பிலிருந்து இந்த மருந்து மெதுவாகத்தான் வெளியேறும். ராத்திரி ஒரு மணிக்குப் பாத்ரூமுக்கு எழுந்தால் தள்ளாடும். ஈரத் தரையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பகலில் மறதியும் குழப்பமும் வரும். "அம்மாவுக்கு ஞாபகமே இல்லை" என்று அதற்கும் ஒரு மாத்திரை கேட்பீர்கள்.

அம்மாவுக்கு ஏன் தூக்கம் வரவில்லை என்று யாராவது பார்த்தீர்களா? மதியம் இரண்டு மணி நேரம் படுக்கிறாரா? நாலு மணிக்குக் காபியா? மூட்டு வலியா? சர்க்கரை ஏறி நாலு முறை சிறுநீருக்கு எழுகிறாரா? பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாயங்காலம் போடுகிறாரா? கடைசியாகச் சொன்னதை, மருத்துவரைக் கேட்டு, காலைக்கு மாற்றினாலே சிலர் தூங்கிவிடுகிறார்கள். மதியத் தூக்கம் அரை மணியோடு போதும். படுத்து 20 நிமிடம் ஆகியும் வரவில்லை என்றால் புரளாமல் எழுந்து, மங்கிய விளக்கில் உட்கார்ந்து, கண் சொருகும்போது போய்ப் படுக்கட்டும். மறுபடி சொல்கிறேன்: மாத்திரையை நீங்களாக ஆரம்பிக்காதீர்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு ராத்திரி ராத்திரியாகக் காவல் இருந்தேன். பணமும் வந்துவிட்டது. இன்னும் தூக்கம் பிடிக்கவில்லை, எதற்கெடுத்தாலும் கோபம். ஒரு குவார்ட்டர் போட்டால்தான் கண் அசருகிறது. வயது 46.
*- வலங்கைமான்*

மழை வருமா, தார்ப்பாய் பறக்குமா என்று அரைத்தூக்கத்தில் கிடந்து பழகிய உடம்பு ஒரே நாளில் திரும்பாது. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலை 5.30-க்கு எழுந்துவிடுங்கள். வெளிச்சம் வந்ததும் அரை மணி வெளியே நடங்கள். பகலில் நீட்டிப் படுக்க வேண்டாம். சில வாரங்களில் தூக்கம் ஒழுங்குக்கு வரும், கோபமும் தணியும்.

குடி சீக்கிரம் தூங்க வைக்கும், இரண்டு மூன்று மணிக்கு எழுப்பியும் விட்டுவிடும். மறுநாள் எரிச்சலுக்குப் பாதிக் காரணம் அதுதான். அறுவடைக்குப் பிறகு பிடித்த பழக்கம் என்றால் இப்போதே விடுங்கள். வருடக்கணக்கில் தினமும் குடிப்பவர் என்றால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து, வலிப்பு வரலாம். மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி நிறுத்துங்கள்.

போனில் தியான ஆப்பைப் போட்டுக் கண்ணை மூடினால் மனம் எங்கெங்கோ ஓடுகிறது. எனக்கு மைண்ட்ஃபுல்னஸ் வராதா?
*- கல்லூரி மாணவர், தஞ்சாவூர்*

ஓடியது தெரிந்தது அல்லவா? தெரிந்ததும் திரும்பி வருவதுதான் பயிற்சி. 1979-ல் அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய மைண்ட்ஃபுல்னஸ் (நடப்பதை நடக்கும்போதே கவனிப்பது) வகுப்பு தீராத வலியில் இருந்தவர்களை வைத்துத்தான் ஆரம்பித்தது. படுத்துக்கொண்டு கால் விரலிலிருந்து தலைவரை உடம்பை ஒவ்வொரு இடமாகக் கவனிப்பது அதில் முக்கியமான பாடம். நீங்களும் காலிலிருந்து தொடங்குங்கள். ஆற்றில் தண்ணீர் இருக்கிற நாளில் படித்துறையின் மேல்படி ஒன்றில் உட்கார்ந்து காலை நனையுங்கள். கணுக்காலைத் தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது, குளிர்ச்சி எதுவரை ஏறுகிறது, பொடிமீன் எந்த விரலைக் கொத்துகிறது என்று பாருங்கள். கண்ணை மூட வேண்டாம், பாசி வழுக்கும். போன் வீட்டில் இருக்கட்டும்.

மனநல டாக்டரிடம் போனால் ஊரில் பேசுவார்களே?
*- பெயர் வேண்டாம், பாபநாசம்*

14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசுச் சேவை, 2022-லிருந்து இருக்கிறது. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். நேரில் போகத் துணிவு வந்ததும் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். போடும் மாத்திரைகளையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், அட்டையோடு.