38 கிலோ பையனைப் பெரியவர்களோடு ஓட விடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. எடை 38 கிலோ. போன ஆண்டிலிருந்து ஜூனியர் பிரிவில் கார்ட் (சின்னப் பந்தய வண்டி) ஓட்டுகிறான். வாடகைக்குக் கார்ட் தரும் ரென்டல் டிராக்கில் என்னையும் என் தம்பியையும் சுலபமாக முந்திவிடுகிறான். வரும் சீசனில் ஜூனியரில் ஆள் குறைவாம். சீனியரில் பெரியவர்களோடு ஓடினால் சீக்கிரம் தேறுவான், ஜனவரியிலிருந்து வயதுத் தடையும் இல்லை, ஃபார்முலா 1 உலகப் பட்டம் வென்ற வெர்ஸ்டாப்பனே அப்படித்தான் வந்தார் என்கிறார் டீம் மேனேஜர். சேர்க்கலாமா? (ஒரு தந்தை, ஈரோடு)

பதில்: வேண்டாம். அடுத்த சீசனும் ஜூனியரிலேயே ஓடட்டும்.

முதலில் அந்த ரென்டல் டிராக் கதையை முடித்துவிடலாம். அங்கே எல்லாருக்கும் ஒரே எஞ்சின், எடைக் கணக்கு பெரும்பாலும் கிடையாது. நீங்கள் 76 கிலோ என்றால் உங்கள் மகன் அதில் பாதி. பாதிச் சுமையை இழுக்கும் எஞ்சின் வளைவிலிருந்து சீறிக்கொண்டு கிளம்பத்தான் செய்யும். அவன் நன்றாக ஓட்டுபவனாகவே இருக்கலாம். ஆனால் உங்களை முந்தியது அதற்குச் சாட்சி இல்லை. சுற்று நேரம் அச்சிட்ட இந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு எத்தனை அப்பாக்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள் என்று கணக்கே இல்லை.

நிஜப் பந்தயத்தில் கதை தலைகீழ். ஓட்டுநர், கார்ட், உடை, ஹெல்மெட் எல்லாம் சேர்த்து இவ்வளவு எடை இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. ரோட்டாக்ஸ் நிறுவன எஞ்சினில் ஓடும் பிரிவுகளை எடுத்துக்கொண்டால் ஜூனியருக்கு ஏறக்குறைய 145 கிலோ, சீனியருக்கு 160 கிலோவும் சொச்சமும். இடத்துக்கு இடம் சில கிலோ மாறும். கார்ட்டுக்கு 80, 85 கிலோ, உடைக்கும் ஹெல்மெட்டுக்கும் நான்கைந்து கிலோ போனால், 38 கிலோ பையனுக்குச் சீனியரில் 30 கிலோவுக்கு மேல் குறையும். அதை ஈயக் கட்டிகளாகச் சீட்டில் போல்ட் போட்டு முறுக்குவார்கள். கிட்டத்தட்ட அவன் எடைக்கே ஈயம்.

ஈயம் தராசுக்குத்தான் பதில் சொல்லும், கையும் கழுத்தும் தராது. கார்ட்டில் சஸ்பென்ஷன் கிடையாது, சீட் பெல்ட்டும் கிடையாது. பின் அச்சு ஒரே தண்டு, இரண்டு பின்சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் லேசாகத் தூக்கினால்தான் வண்டி திரும்பும். அதற்கு ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருகும் தெம்பு வேண்டும், தொடர்ந்து பல சுற்றுக்கு வேண்டும். ஜூனியர் எஞ்சின் சுமார் 23 குதிரைசக்தி, சீனியர் 30. ஐந்தாவது சுற்றில் முன்கை இறுகிப்போன பையன் ஒன்பதாவது சுற்றில் பிரேக்கைத் தாமதமாக மிதிப்பான். பயத்தால் அல்ல, களைப்பால்.

அப்புறம் மார்பு. கார்ட்டிங்கில் அடிக்கடி அடிபடுவது விலா எலும்புதான். சீட்டின் விளிம்பு ஒவ்வொரு மேட்டிலும் விலாவில் இடிக்கும். பெரியவர்களுக்கு விலா விரிசல் விட்டால் வலி காட்டிக்கொடுத்துவிடும். பிள்ளைகளின் எலும்பு முறியாமல் வளைந்து கொடுக்கும், அடி உள்ளே நுரையீரலுக்குப் போகும். வெளியே ஒன்றும் தெரியாது. முன்னால் இருப்பவரை வண்டியின் மூக்கால் தள்ளினால் தள்ளியவரின் முன் பம்பர் இடம் நகர்ந்துவிடும், அதற்குச் சில விநாடி தண்டனை என்று விதி இருக்கிறது, சரி. அந்தத் தண்டனை பந்தயம் முடிந்த பிறகுதான் வரும்.

வெர்ஸ்டாப்பன் விஷயம். 2013இல் பிரான்சின் வாரென் தடத்தில் கியர் கார்ட்டுகளின் உலகப் பட்டத்தை அவர் 15 வயதில் வென்றது உண்மை. ஆனால் அவர் நாலரை வயதில் கார்ட்டில் உட்கார்ந்தவர். அப்பா ஃபார்முலா 1 ஓட்டியவர், அம்மா கார்ட்டிங்கில் பேர் வாங்கியவர். படிப்படியாக ஒவ்வொரு பிரிவாக ஏறிவந்தவர். அவர் 17 வயதில் ஃபார்முலா 1 ஓட்டப்போகிறார் என்று 2014இல் உறுதியான பிறகுதான், 18 ஆனால்தான் உள்ளே என்று உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. விதி போட்டது. உங்கள் டீம் மேனேஜர் இந்தப் பாதியைச் சொல்லியிருக்க மாட்டார்.

வயதுத் தடை இல்லை என்று அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். உலக விதிகளில் பெரும்பாலும் பிறந்த தேதியைப் பார்ப்பதில்லை, அந்த ஆண்டுக்குள் 14 ஆகிறதா என்றுதான் பார்ப்பார்கள். அது அனுமதிதான், மருத்துவச் சான்று அல்ல.

ஒரு விதிவிலக்கு சொல்லியாக வேண்டும். இதில் தவறாக முடிவெடுத்துப் பிள்ளையைப் பட்டினி போடும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். சில பிள்ளைகள் 13 வயதிலேயே திடீரென்று வளர்ந்து 62, 65 கிலோவுக்குப் போய்விடுவார்கள். அவர்களுக்கு ஜூனியரில் ஈயமே தேவையில்லை. அது மட்டுமல்ல, குறைந்தபட்ச எடைக்கு மேலேயே நிற்பார்கள். பக்கத்தில் ஓடும் பையனைவிட ஐந்தாறு கிலோ கூடச் சுமந்துகொண்டு, எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் நேர்ப்பாதையில் பின்தங்குவார்கள். உடனே வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்துவார்கள். வளரும் பிள்ளைக்கு இதைவிடக் கெடுதல் இல்லை. அப்படிப்பட்ட பையன், வயதும் விதிப்படி எட்டிவிட்டால், சீனியருக்குப் போவதுதான் சரி. அங்கே அவனுக்கு ஏழெட்டு கிலோ ஈயம் போதும், சீட்டும் உடம்புக்குப் பொருந்தும், கழுத்தும் தாங்கும். அதனால்தான் வயதைக் கேட்பதற்கு முன் எடையைக் கேட்கிறேன். உங்கள் மகன் அந்த ரகம் இல்லை. 50 கிலோவைத் தொடட்டும், அப்போது மறுபடி எழுதுங்கள்.

இனி எனக்கு எரிச்சலூட்டும் பகுதி. ‘ஜூனியரில் ஆள் குறைவு’ என்று ஒரு டீம் சொன்னால், ‘சீனியரில் என்னிடம் ஒரு சீட் காலியாக இருக்கிறது’ என்று படித்துக்கொள்ளுங்கள். கார்ட்டும் எஞ்சினும் அவருடையவை. ஓடினாலும் ஓடாவிட்டாலும் செலவு அவருக்கு. அதை நிரப்ப ஒரு பையன் வேண்டும், பணம் கட்ட ஒரு அப்பா வேண்டும். ‘அடுத்த நரேன் கார்த்திகேயன்’ என்று சொல்பவரிடம் அந்த வாக்கியம் முடிவதற்குள் எழுந்து வந்துவிடுங்கள்.

முழு சீசன் பணத்தை முன்கூட்டியே கொடுக்காதீர்கள். ஒவ்வொரு பந்தயத்துக்கும் தனியாக ரசீது கேளுங்கள். வண்டி அடிபட்டால் யார் செலவு, உச்சவரம்பு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். பெரியவர்களோடு ஓடும் பையனுக்கு அடிபட்ட வண்டிக்கான பில் தான் பெரிய பில். பழைய எஞ்சின் தலையில் கட்டப்பட்டால் எஞ்சினைப் பிரிக்காமலிருக்கப் போட்ட சீலின் எண்ணும் எஞ்சினின் அடையாள அட்டையும் ஒத்துப்போகிறதா என்று நீங்களே பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ‘சின்னத் திருத்தம்’ செய்யலாம் என்று யாராவது சொன்னால் அந்த டீமையே மாற்றுங்கள்.

பந்தயத்தைவிடப் பயிற்சி நாள்தான் எனக்குப் பயம். எல்லாரையும் ஒரே நேரத்தில் தடத்தில் விடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. எட்டு வயதுக் குழந்தை வளைவுக்குத் தயாராகும்போது பின்னாலிருந்து ஒரு 30 குதிரைசக்தி வண்டி வரும். ஒருமுறை ஒரு பந்தயத்தில் ஆள் போதாமல் இரண்டு பிரிவை ஒரே தொடக்க வரிசையில் நிறுத்தினார்கள். நான் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தேன். ‘டைம் டேபிள் இடிக்குது சார்’ என்பதுதான் பதில். நரேனையும் கருண் சந்தோக்கையும் ஃபார்முலா 1 வரை அனுப்பிய மாநிலம் இது. மோட்டார் பந்தயத்துக்கான தேசிய அமைப்பின் அலுவலகமும் சென்னையில்தான். பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்க மட்டும் இன்னும் மனசு வரவில்லை. செலவு குறைந்தால் ஆள் வரும், ஆள் வந்தால் பிரிவு நிறையும். செலவைக் குறைக்க யாரும் அசைவதில்லை. ஆள் இல்லை என்று பிள்ளைகளை மேலே தள்ளிவிடுகிறார்கள்.

பெரியவர்களிடம் கற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்த ஒரு சீனியர் ஓட்டுநரிடம் பேசி, தடம் காலியாக இருக்கும் அரைமணி நேரத்தை வாடகைக்கு எடுங்கள். அவர் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு முன்னால் போகட்டும், உங்கள் மகன் ஜூனியர் வண்டியிலேயே அவர் போகும் தடத்தைப் பிடித்துக்கொண்டு போகட்டும். எங்கே பிரேக், எங்கே திருப்பம் என்பது பத்துச் சுற்றில் பிடிபட்டுவிடும்.

சீனியருக்குப் போகாததால் மிஞ்சும் பணத்தில் இரண்டு பொருள் வாங்குங்கள். பெரியவர் ஹெல்மெட்டில் பஞ்சு வைத்து மாட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு, பிள்ளைகளுக்கென்றே எடை குறைத்துச் செய்த, ஸ்னெல்-எஃப்.ஐ.ஏ. சி.எம்.ஆர். முத்திரையுள்ள ஹெல்மெட். இரண்டாவது, எஃப்.ஐ.ஏ. 8870-2018 என்று எண் போட்ட மார்புக் கவசம். இரண்டையும் பையனைக் கூட்டிக்கொண்டு போய், மாட்டிப் பார்த்து வாங்குங்கள். டீம் மேனேஜரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், கடையில் அவருக்குக் கமிஷன் இருக்கும்.