சஹாரா மேல் மோடிஸ் தூசி வரைபடம் காலியாக வந்தால்

மோடிஸ் என்பது நாசா செயற்கைக்கோள்களில் உள்ள படக்கருவி. அதன் தரவிலிருந்து காற்றிலுள்ள தூசியைக் கணக்கிட டார்க் டார்கெட், டீப் புளூ என்று இரண்டு முறைகள் உண்டு; வரைபடத்தில் ஒவ்வொன்றும் தனி அடுக்கு. டார்க் டார்கெட் அடுக்கை விட்டுவிட்டு டீப் புளூ அடுக்கைத் திறங்கள். சாட் நாட்டு போடெலே பள்ளத்தில் நீங்கள் தேடும் தூசி அதில் தெரியும்.

டார்க் டார்கெட் முறைக்குக் கீழே கடல், காடு மாதிரி இருண்ட பரப்பு வேண்டும். வெளிர் மணல் மேல் அது கணக்கிடுவதே இல்லை; காலியாக இருப்பதால் தூசி இல்லை என்று ஆகாது. டீப் புளூ 412 நானோமீட்டர் அலைநீளத்தையும் பார்க்கிறது. அந்த அலைநீளத்தில் பாலைவனமே இருட்டுதான்.

சந்தேகமா? டார்க் டார்கெட் அடுக்கில் ஆப்பிரிக்காவின் மேற்குக் கடற்கரையைப் பாருங்கள். நிலத்தில் வெறுமை, அட்லாண்டிக் தொடங்கியதும் திடீரென்று தூசி என்றால் காரணம் இதுதான்.

டீப் புளூவிலும் ஓட்டை இருந்தால் அதே நாளின் இயல்பு வண்ணப் படத்தோடு ஒப்பிடுங்கள். அடர்ந்த தூசியை மேகம் என்று கழித்துவிடுவது உண்டு. அப்புறம், வரைபடம் காட்டும் எண் தரையிலிருந்து வளிமண்டல உச்சிவரை உள்ள மொத்தம். மூச்சில் போகும் தூசியின் அளவாக எடுக்காதீர்கள்.