4294967297: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: இந்த எண்ணுக்கு அப்படி என்ன சிறப்பு?

இது 2³²+1. 2-இன் 1, 2, 4, 8, 16ஆம் அடுக்குகளோடு 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். ஐந்தும் பகா எண்கள். இந்த வரிசை முழுவதுமே பகா எண்கள்தாம் என்று 17ஆம் நூற்றாண்டுக் கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். ஆறாவதாக வரும் நம் எண்ணை 1732இல் ஆய்லர் பிரித்துக் காட்டினார்: 641 × 6700417.

கேள்வி: கணினி இல்லாத காலத்தில் 641ஐ எப்படிப் பிடித்தார்? எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தாரா?

தேவையே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். நம் எண்ணை வகுக்கும் பகா எண் 'ப' என்று கொள்ளுங்கள். ப-ஆல் வகுக்கும்போது 2³² தரும் மீதி −1 (அதாவது, மீதியின்றி வகுபட 1 குறைகிறது). வர்க்கப்படுத்தினால் 2⁶⁴ தரும் மீதி 1. அதற்கு முந்தைய எந்த அடுக்கிலும் மீதி 1 வராது. ஃபெர்மாவின் சிறிய தேற்றமோ, 2-இன் ப−1ஆம் அடுக்கு தரும் மீதியும் 1 என்கிறது. எனவே ப−1 என்பது 64ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். 64இன் மடங்கோடு 1 கூட்டிய பகா எண்களை மட்டும் எடுங்கள்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலிலேயே விடை!

பின்னாளில் லூக்காஸ் என்ற கணிதவியலாளர் இந்த 64ஐ 128 ஆக உயர்த்தினார். அப்போது மிஞ்சுபவை 257, 641 மட்டுமே. அதிலும் 257 உதவாது. ஏனெனில் 3×5×17×257×65537 உடன் 2ஐக் கூட்டினால் வருவதுதான் நம் எண். 257ஆல் வகுத்தால் மீதி 2.

கேள்வி: பெரிய வகுத்தல் எதுவும் செய்யாமல் 641 வகுக்கும் என்று நிறுவ முடியுமா?

முடியும். 641 = 5×2⁷+1. அதுவே 5⁴+2⁴ என்றும் ஆகும். 641ஆல் வகுக்கும்போது 5×2⁷ தரும் மீதி −1. அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸ தரும் மீதி 1. இதில் 5⁴க்குப் பதிலாக −2⁴ இடலாம். −2³² தரும் மீதி 1 என்றாகிறது. அதாவது 2³²+1 மீதியின்றி வகுபடுகிறது.

கேள்வி: 2ஐ அடிமானமாக வைத்து ஃபெர்மா சோதனை செய்தேன். பகா எண் போலவே காட்டுகிறதே?

ஃபெர்மா சோதனை என்பது, சோதிக்கும் எண்ணில் 1 குறைத்து வரும் அடுக்குக்கு 2 போன்ற அடிமானத்தை உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது. இந்த வரிசையின் எல்லா எண்களுக்கும் 2 அப்படித்தான் காட்டும். 3ஐ வைத்துப் பாருங்கள். 32 முறை வர்க்கப்படுத்தி மீதி எடுத்தால் 1 வராது; பகு எண் என்பது உறுதியாகிவிடும்.

கேள்வி: மொத்தம் எத்தனை காரணிகள்?

நான்கு: 1, 641, 6700417, அந்த எண்.

கேள்வி: இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா?

இரண்டு விதமாக எழுதலாம்: 65536²+1², 62264²+20449². பகா எண்ணை இப்படி ஒரே விதமாகத்தான் எழுத முடியும். ஆக, இரண்டாவது விதம் கிடைத்ததே இது பகு எண் என்பதற்கு நிரூபணம். 20449 என்பதே 143²; இந்தப் பொருத்தம் எனக்குத் தனி மகிழ்ச்சி.

கேள்வி: 65537க்குப் பிறகு இந்த வரிசையில் வேறு பகா எண் உண்டா?

இதுவரை ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்ததான 2⁶⁴+1ஐ 1880இல் லாண்ட்ரி பிரித்தார். அதன் சிறிய பகாக் காரணி 274177, அதாவது 256×1071+1. லூக்காஸின் விதிப்படி அந்த எண்ணுக்கு வரவேண்டிய மடங்கு 256தான்.