தரையிலிருந்து எழ முடியவில்லையா? தசை அழற்சி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அம்மாவுக்கு 48 வயது. கையை ஊன்றாமல் தரையிலிருந்து எழ முடியவில்லை. கல்லீரல் பரிசோதனையில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் 150-க்கு மேல். மூன்று மாதமாகக் கல்லீரல் மாத்திரை சாப்பிட்டும் இறங்கவில்லை.

இந்த இரண்டு நொதிகளும் தசையிலும் உண்டு. தசை சிதைந்தாலும் ரத்தத்தில் ஏறும். கல்லீரலைக் காட்டும் மற்ற அளவுகளான ஜி.ஜி.டி., பிலிருபின் சரியாக இருக்கிறதென்றால் கல்லீரலைச் சந்தேகிப்பதை நிறுத்திவிட்டு, தசை நொதியான சி.பி.கே. பாருங்கள். வழக்கமாகச் சுமார் 200-க்குள் இருக்கும் இந்த எண், தசை அழற்சியில் (உடலின் நோயெதிர்ப்பே தசையைத் தாக்கும் நோய்) பெரும்பாலும் ஆயிரங்களில் நிற்கும். பரிசோதனைக்கு முந்தைய மூன்று நாள் கடும் உடலுழைப்பு, இடுப்பில் ஊசி இரண்டும் வேண்டாம். அவையே எண்ணை ஏற்றிவிடும். டி.எஸ்.எச். (தைராய்டு பரிசோதனை), வைட்டமின் டி இரண்டையும் சேர்த்தே எடுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் சி.பி.கே. ஏறும். வைட்டமின் டி மிகவும் குறைந்தால் இடுப்புத் தசை இதேபோல் தளரும், ஆனால் சி.பி.கே. ஏறாது, எலும்பிலும் உள்ள அல்கலைன் பாஸ்படேஸ் எனும் நொதிதான் ஏறும்.

சி.பி.கே. 6,000 என்கிறார்கள். எனக்கு வலியே இல்லையே?

வலி இல்லாமலே வரும். தலை சீவும்போது கை பாதியில் இறங்கிவிடும், பரணில் இருக்கும் டப்பா எட்டாது, படுத்த நிலையில் தலை தூக்க வராது. ஆனால் சட்டைப் பொத்தான் சிரமமின்றிப் போடுவீர்கள். தோள், இடுப்பு, கழுத்துத் தசைகளைத்தான் இந்த நோய் முதலில் பிடிக்கும். மாறாக, 50 வயதைத் தாண்டியவருக்கு விரல் மடக்கிப் பிடிப்பதும் தொடை முன்தசையும் சேர்ந்து தளர்ந்தால் அது 'உள்ளடக்கப் பொருள் தசை அழற்சி' எனும் வேறு வகையாக இருக்கலாம். மற்ற தசை அழற்சிகளுக்குத் தரும் ஸ்டீராய்டு அதற்குப் பலன் தருவதில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு விழுங்கியவர்கள் உண்டு.

கண் இமையில் கருமை, கழுத்தில் அரிப்பு. அலர்ஜி என்று களிம்பு தந்தார்கள்.

புத்தகங்கள் 'ஊதா இமை' என்று எழுதும். நம் நிறத்தில் அது மங்கிய பழுப்பாகவே தெரியும். விரல்களை மடக்கி, வெளிச்சத்தில் பாருங்கள். மூட்டுகளின் மேலேயே தடித்த, செதில் படிந்த தடிப்புகள் இருந்தால் தோல்-தசை அழற்சியை நினைக்க வேண்டும். லூபஸ் எனும் வேறொரு நோயெதிர்ப்புக் கோளாறின் தடிப்பு மூட்டை விட்டுவிட்டு நடுவிலுள்ள தோலில் வரும். நக வேரில் சிவப்பும் கிழிந்த தோலும் இன்னொரு தடயம்.

தசைநோய் எதிர்ப்பொருள்கள் எவை இருக்கின்றன என்று காட்டும் ரத்தப் பரிசோதனையை ஒருமுறை எடுத்துவிடுவது செலவானாலும் பயனுள்ளது. எம்.டி.ஏ.5 எனும் எதிர்ப்பொருள் இருந்தால் சி.பி.கே. இயல்பாக இருந்தும் நுரையீரல் வேகமாகக் கெடலாம். மூச்சிரைத்தால் மார்பு சி.டி. தாமதிக்கக் கூடாது. ஜோ-1 எதிர்ப்பொருள் இருந்தாலும் நுரையீரலைப் பார்க்க வேண்டும். டி.ஐ.எஃப்.1 காமா எதிர்ப்பொருள் பெரியவர்களுக்கு இருந்தால், மறைந்திருக்கும் புற்றுநோயைத் தேடுவது சிகிச்சையின் ஒரு பகுதி.

ப்ரெட்னிசலோன் (ஸ்டீராய்டு) 50 மி.கி., இரண்டு மாதம். சி.பி.கே. 4,000-லிருந்து 180 ஆனது. ஆனால் கால் முன்பைவிடத் தளர்கிறது. மருந்தைக் கூட்டலாமா?

கூட்டச் சொல்வதற்குமுன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டே தொடைத் தசையை மெலியவைக்கும், அதில் சி.பி.கே. ஏறாது. நோய் திரும்பியதா, மருந்தின் வேலையா என்று பிரிக்க தொடை எம்.ஆர்.ஐ. உதவும். அழற்சி இருந்தால் தசைக்குள் நீர் பளிச்சென்று தெரியும். நீர் இல்லையென்றால் அளவைக் குறைப்பதுதான் வழி. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து ஆபத்தாகும். குறைக்க வசதியாகத்தான் நோயெதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் போன்றவற்றைத் தொடக்கத்திலேயே சேர்ப்பது. அது வாரத்துக்கு ஒரே நாள் மட்டும். கிழமையை அட்டையில் எழுதி ஒட்டுங்கள். தினமும் சாப்பிட்டால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்து.

கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தி மூன்று மாதமாகியும் பலவீனம் குறையவில்லை.

ஸ்டாட்டின் (கொலஸ்ட்ரால் மாத்திரை) தந்த சாதாரணத் தசைவலி நிறுத்திய சில வாரங்களில் அடங்கும். அடங்காமல் சி.பி.கே.யும் ஆயிரங்களில் நின்றால் எச்.எம்.ஜி.சி.ஆர். எதிர்ப்பொருள் பாருங்கள். இருந்தால் ஸ்டாட்டினை மறுபடி தொடவே கூடாது. நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து தேவைப்படும்.

உடற்பயிற்சி செய்தால் தசை இன்னும் கெடுமா?

கெடாது. கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியில், கைகளை மார்பில் கட்டி, 30 விநாடியில் எத்தனை முறை எழுகிறீர்கள் என்று எண்ணுங்கள். வாரம் ஒருமுறை அதே நாற்காலி, அதே நேரம். சி.பி.கே. தாளைவிட இந்த எண் எனக்கு அதிகம் சொல்கிறது. பயிற்சியாக வாரம் மூன்று நாள், ஐந்தைந்து முறையாகத் தொடங்கி, இயன்முறை மருத்துவர் சொல்படி கூட்டுங்கள். மறுநாளும் அசதி தீரவில்லையெனில் பாதியாக்குங்கள்.

தண்ணீர் குடித்தால் மூக்கில் ஏறுகிறது, குரலும் மாறிவிட்டது.

விழுங்கும் தசை தளர்ந்துவிட்டது. உணவு நுரையீரலுக்குள் போகலாம். அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அதுவரை படுத்தபடி எதுவும் குடிக்காதீர்கள்.