தேய்த்தால் வலி ஏன் குறைகிறது? நரம்பியல் கேள்வி–பதில்

இருட்டில் கட்டில் காலில் சுண்டுவிரல் இடித்தால் முதலில் 'சுரீர்' என்கிறது. கொஞ்சம் கழித்து விண்விண் என்று வேறொரு வலி தெறிக்கிறது. தேய்த்துவிட்டால் குறைகிறது. ஏன்? – வாசகி, கும்பகோணம்

வலியைச் சுமக்கும் நரம்பிழைகள் இரண்டு வகை. மெல்லிய கொழுப்புறை உள்ள ஏ-டெல்டா இழையில் செய்தி நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் ஓடும். உறையே இல்லாத சி இழையில் 2 மீட்டரைத் தாண்டுவது அரிது. கால்விரலிலிருந்து தண்டுவடம் வரை ஏறக்குறைய ஒரு மீட்டர். அதனால்தான் சுரீர் வலி கால் நொடிக்குள் வந்துவிட, இரண்டாவது வலி பின்தங்கி வருகிறது.

தேய்க்கும்போது தூண்டப்படுபவை தடித்த ஏ-பீட்டா தொடு இழைகள். அவை தண்டுவடத்தில் உள்ள தடை நரம்பணுக்களை எழுப்ப, மூளைக்குப் போகும் வலிச்செய்தி அங்கேயே மட்டுப்படுகிறது. மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் 1965இல் சொன்ன 'வாயிற்கதவு'க் கோட்பாடு இது. நுணுக்கங்கள் பிறகு திருத்தப்பட்டன, அடிப்படை நிற்கிறது. இடிபட்ட புள்ளியை அழுத்தாமல் அதைச் சுற்றி உள்ளங்கையால் நீவுங்கள். தீக்காயத்தையும் எலும்பு முறிந்திருக்கலாம் என்று தோன்றும் இடத்தையும் தேய்க்கவே கூடாது.

அம்மாவுக்கு முழங்கால் வலி. மாத்திரை தீர்ந்த அன்று சத்து மாத்திரையை வலி மாத்திரை என்று சொல்லிக் கொடுத்தேன். அரை மணியில் "பரவாயில்லை" என்றார். அப்படியென்றால் வலி வெறும் மனப்பிரமையா? – வாசகர், திண்டுக்கல்

இல்லை. அவர் வலியும் உண்மை, குறைந்ததும் உண்மை. மூட்டுவலி தானாகவே ஏறி இறங்கும் என்பதால், அன்று இறங்குமுகமாக இருந்திருக்கலாம். ஆனால் அது மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. நிவாரணம் வரும் என்று எதிர்பார்க்கும் மூளை, நடுமூளை வழியாகத் தண்டுவடத்துக்கு ஆணை அனுப்பி, மார்ஃபின் என்ற வலிநீக்கி மருந்தைப் போல வேலைசெய்யும் எண்டார்ஃபின்களைச் சுரக்க வைக்கிறது. 1978இல் பல் பிடுங்கிய நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். மருந்துச் சத்தே இல்லாத வெற்று மருந்தால் வலி குறைந்தவர்களுக்கு மார்ஃபினை முறிக்கும் நலாக்சோனைக் கொடுத்ததும் வலி கூடியது. வெறும் கற்பனையை முறிக்க மருந்து எதற்கு?

ஏமாற்றித்தான் கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை. 2010இல் வெளியான ஆய்வொன்றில், எரிச்சல் குடல் நோயாளிகளிடம் "இதில் மருந்தே இல்லை" என்று சொல்லியே மூன்று வாரம் மாத்திரை கொடுத்தார்கள். அவர்களில் 59 சதவீதத்தினர் போதிய நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னார்கள்; மாத்திரை இல்லாத குழுவில் 35. ஆகவே இனி அம்மாவிடம் பொய் வேண்டாம். தெரிந்துவிட்டால் நிஜ மருந்தின் மீதும் நம்பிக்கை போய்விடும். நிஜ மாத்திரையைக் கொடுக்கும்போது அது எத்தனை நேரத்தில் கேட்கும் என்று சொல்லிக் கொடுங்கள். "இதெல்லாம் எங்கே கேட்கப்போகுது" என்ற பேச்சு மருந்தின் பலனையே குறைக்கும்.

எல்லையும் உண்டு. வெற்று மாத்திரை தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்காது, கிருமியைக் கொல்லாது. நெஞ்சுவலிக்கோ திடீரென வரும் கடும் தலைவலிக்கோ இதை நம்பி ஒரு நிமிடமும் கடத்தக் கூடாது.

பச்சை மிளகாய் நறுக்கிய கை நெருப்பாய் எரிகிறது. சூடே இல்லையே? – வாசகி, விருதுநகர்

சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் திறக்கும் ஒரு புரதம் வலி நரம்பு முனையில் இருக்கிறது. மிளகாயின் கேப்சைசின் அதே புரதத்தைத் திறப்பதால் மூளை 'சூடு' என்றே படிக்கிறது. இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021 நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கேப்சைசின் தண்ணீரில் கரையாது. முதலில் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்புப் போடுங்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை. செருப்பு கழன்றதே தெரியாமல் நடந்து வருகிறார். பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்க முடியுமா? – வாசகர், ஈரோடு

முடியும். கண்ணை மூடச் சொல்லி, இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் ஆள்காட்டி விரலால் இறகு படுவதுபோல் ஓரிரு நொடி தொடுங்கள். அழுத்தினாலோ தட்டினாலோ ஆழத்தில் உள்ள நரம்புகள் காட்டிக்கொடுத்துவிடும், சோதனை வீண். ஒரு விரலை இரண்டாம் முறை தொடாதீர்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையாலும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையாலும் உறுதிசெய்வார். சோதனை சரியாக இருந்தாலும், செருப்பு கழன்றதே தெரியாதவரை ஒருமுறை காட்டிவிடுவதே நல்லது. வெந்நீரை அவர் காலால் பார்க்கக் கூடாது, வேறொருவர் முழங்கையால் பார்க்கட்டும். தினமும் இரவு பாதத்தின் அடியைக் கண்ணாடியில் பாருங்கள். மரத்த பாதமே இரவில் எரியவும் செய்யும். எரிச்சல் இருப்பதால் உணர்வு இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள்.