கேட் வால்வு கிளாண்ட்ல (ஸ்டெம், அதாவது ஹேண்ட்வீலோட தண்டு, வெளிய வர்ற இடம்) ஸ்டீம் லீக், நட்டை இறுக்கியும் நிக்கல, பேக்கிங் எப்படி மாத்தறது?

இறுக்கி இறுக்கி, பேக்கிங்கை (ஸ்டெம்மை சுத்தி கசிவை அடைக்கற ரிங்குகள்) அமுக்கற கிளாண்ட் ஃபாலோயர் அடியில முட்டியிருக்கும், இனிமே இறுக்க இடமே இல்ல, பேக்கிங்க மாத்தித்தான் ஆகணும்.

முதல்ல லைனை ஐசோலேட் பண்ணி, ட்ரெயின் திறந்து பிரஷர் இறங்கிடுச்சான்னு பாத்து, ஆறவிட்டு, பூட்டு போட்டுட்டுதான் ஸ்பேனரையே எடுக்கணும். வால்வை முழுசா திறந்தா பேக்சீட் (ஸ்டெம் மேல ஏறி உள்ளயே அடைக்கற சீட்) தாங்கும், ரன்னிங்லயே மாத்திடலாம்னு சிலர் சொல்வாங்க, தயவுசெஞ்சு அத கேக்காதீங்க, அந்த சீட்ல சின்ன கீறல் இருந்தாலும் ஸ்டீம் நேரா மூஞ்சில அடிக்கும்.

பழைய ரிங்கை ஹூக் போட்டு ஒண்ணு விடாம எடுங்க, கடைசி ரிங் கல்லு மாதிரி இறுகிக் கிடக்கும், பொறுமையா தோண்டணும், அதை விட்டுட்டு மேல புதுசு போட்டா மறுபடி லீக்தான். அப்புறம் ஸ்டெம்ல நகத்தை ஓட்டிப் பாருங்க, நகம் மாட்டற மாதிரி கோடு இருந்தா எந்த பேக்கிங்கும் நிக்காது, ஸ்டெம்மை சரி பண்ணணும்.

சைஸ் கணக்கு சுலபம். பேக்கிங் உக்கார்ற பாக்ஸோட உள்விட்டம் 44 மிமீ, ஸ்டெம் 28 மிமீன்னா வித்தியாசத்துல பாதி, 8 மிமீ பேக்கிங். ஸ்டீமுக்கு கிராஃபைட் போடுங்க, டெஃப்லான் 260 டிகிரிக்கு மேல தாங்காது. பேக்கிங் கயித்தை ஸ்டெம் சைஸ் ராடுல சுத்தி 45 டிகிரி சாய்வா வெட்டி, ஒவ்வொரு ரிங்கா தட்டி இறக்கி, ஜாயின்ட் ஒண்ணுக்கு மேல ஒண்ணு வராம 90 டிகிரி தள்ளித்தள்ளி வைங்க.

ரெண்டு நட்டையும் மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க, நடுநடுவுல ஹேண்ட்வீலை சுத்திப் பாருங்க, ஃபாலோயர் கோணலா போனா ஸ்டெம்மை உரசிடும். லைன் சூடானதும் பேக்கிங் கொஞ்சம் அமுங்கும், அப்ப இன்னொருக்கா செக் பண்ணிடுங்க.