சிரிப்பு வீடியோ அனுப்பினால் சலித்துக்கொள்கிறார்களே!

கேள்வி: எனக்கு வயது 61. பணி ஓய்வுக்குப் பிறகு, கைப்பேசியில் பார்க்கும் வேடிக்கை வீடியோக்களை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்து வருகிறேன். ஒரு நாளைக்குப் பத்துக்குக் குறையாது. கேண்டி கிரஷ் விளையாடவும் எல்லோருக்கும் அழைப்பு அனுப்புவேன். சென்ற வாரம் என் அண்ணன் மகன், ‘அத்தை, கொஞ்சம் நிறுத்துங்களேன்’ என்று குழுவிலேயே எழுதிவிட்டான். நான் செய்தது தவறா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் எண்ணத்தில் எந்தத் தவறும் இல்லை. சிரிப்பை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ராபர்ட் புரோவைன், மனிதர்கள் தனிமையில் இருப்பதைவிடப் பிறரோடு இருக்கும்போது ஏறத்தாழ 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்று கண்டறிந்தார். நல்ல வேடிக்கையைப் பார்த்ததும் ‘இதை அவனுக்குக் காட்ட வேண்டுமே’ என்று உங்கள் மனம் பரபரப்பது, கூடச் சிரிக்க ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகத்தான்.

ஆனால், குழுவில் போடும் வீடியோ யாருக்கென்று குறிப்பிட்டு அனுப்பியதாக இருப்பதில்லை; வேறு யாராவது பதில் சொல்வார்கள் என்று ஒவ்வொருவரும் கடந்துபோய்விடுகிறார்கள். என் தம்பி எனக்கு மாதத்துக்கு ஒன்றிரண்டு வீடியோக்கள்தான் அனுப்புவான். அண்மையில், அலமாரியின் மேலே ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் விழிக்கும் ஒரு பூனையை அனுப்பி, ‘12ஆவது நொடியில் அதன் முகத்தைப் பார், கணக்குப் பரீட்சையில் நீ’ என்று கீழே எழுதியிருந்தான். அந்த ஒரு வரிக்காக நான் நான்கு முறை பார்த்தேன். நீங்களும் வீடியோவைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் ஆளைத் தேர்ந்தெடுங்கள். இரட்டை அம்புக்குறியுடன் வருபவை ஏற்கெனவே பல கை மாறியவை என்பதால், நீங்கள் தேர்ந்தெடுத்தவரும் பார்த்திருக்கவே வாய்ப்பு அதிகம், அவற்றை விட்டுவிடலாம்.

ஒருவர் அறியாமல் எடுக்கப்பட்டு, அவரைக் கேலிப்பொருளாக்கும் வீடியோ எவ்வளவு சிரிப்பை வரவழைத்தாலும் உங்கள் கையோடு நிற்கட்டும். 2003இல் கனடாவில் ஒரு பள்ளி மாணவர் தனியாகக் கம்பு சுழற்றி விளையாடியதன் பதிவைச் சக மாணவர்கள் இணையத்தில் பரப்ப, உலகமே பார்த்துச் சிரித்த அந்த ஏளனத்தைத் தாங்க முடியாமல் அவர் பள்ளியை விட்டே விலக நேர்ந்தது. அதைப் பரப்பிய பலரும் நம்மைப் போல நல்ல மனம் உடையவர்களாகவே இருந்திருப்பார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இனி விளையாட்டு. கேண்டி கிரஷில் ஐந்து உயிர்களும் தீர்ந்துவிட்டால் அடுத்த உயிருக்கு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் நண்பர்களிடம் கேட்க வேண்டும் என்று அந்த விளையாட்டையே அப்படி அமைத்திருக்கிறார்கள். உங்களுக்கு அது அன்பான அழைப்பு. வேலைக்கு நடுவே இருக்கும் உங்கள் அண்ணன் மகனுக்கோ இன்னொரு கோரிக்கை. அதற்குப் பதிலாக, 2021 இறுதியில் பரவத் தொடங்கிய வேர்டில் என்ற சொல் விளையாட்டைப் போன்ற ஒன்றை முயன்று பாருங்கள். நாளுக்கு ஒரே ஓர் ஆங்கிலச் சொல், எல்லோருக்கும் அதே சொல், அதைக் கண்டுபிடிக்க ஆறு வாய்ப்புகள். விடையைக் காட்டாமல் வண்ணக் கட்டங்களை மட்டும் பகிரலாம் என்பதால், அவரவர் நேரத்தில் விளையாடிவிட்டு ‘எனக்கு நான்கில் வந்தது, உனக்கு?’ என்று கேட்டுக்கொள்ளலாம். ஆங்கிலம் வேண்டாமென்றால், அவரவருக்கு ஒழிந்த நேரத்தில் காய் நகர்த்தும் இணையச் சதுரங்கம் இருக்கிறது.

அண்ணன் மகனிடம் நீண்ட மன்னிப்பெல்லாம் வேண்டாம், குழுவில் விளக்கமும் வேண்டாம். அவன் சிறுவயதில் செய்த குறும்பை நினைவூட்டும் ஒரு வீடியோ கண்ணில் படும்வரை பொறுத்திருந்து, அதை அவனுக்கு மட்டும் அனுப்பி, ‘ஆறு வயதில் உன்னை நான் இப்படித்தான் துரத்தினேன்’ என்று ஒரு வரி எழுதுங்கள். பதில் வர இரண்டு நாள் ஆனாலும், அதற்குள் இன்னொன்றை அனுப்பிவிடாதீர்கள்.